கோரைப்பாய் நெசவுக்கு எந்தப் பணம், எங்கிருந்து?

கேள்வி: தாமிரபரணிக் கரையோரம், திருநெல்வேலி மாவட்டத்து ஊராட்சி ஒன்றில் 14 பெண்கள் மகளிர் குழுவாக இருந்து கோரைப்பாய் நெய்கிறோம். 9 தறிகள். மாதம் 140 சாதாப் பாய்கள் முடிகின்றன. இருவர் மெல்லிய கோரை இழையில் பட்டுப்பாயும் நெய்வார்கள். வியாபாரி ஒரு பாய்க்கு 450 ரூபாய் தருகிறார்; கைக்குப் பணம் வர இரண்டு மாதம் ஆகிறது. கோரைக்கு 150, பாவு நூலுக்கும் சாயத்துக்கும் 60 என்று ஒரு பாய்க்கு 210 செலவு. அறுப்புச் சமயத்தில் வாங்கினால் கோரை 110-க்கே முடியும். அப்போது கையில் பணம் இருப்பதில்லை. குழு தொடங்கி 26 மாதம் ஆயிற்று, ஆளுக்கு மாதம் 200 சேமிக்கிறோம். வங்கியில் கேட்டோம், சொத்து ஜாமீன் வேண்டும் என்று அனுப்பிவிட்டார்கள். ஒருவர் வந்து, மத்திய அரசிடம் 25 லட்சம் வாங்கித் தருகிறேன், பத்து சதவீதம் கமிஷன் என்கிறார். இன்னொருவர் மின்சாரப் பாய்த்தறி வாங்கச் சொல்கிறார். சிங்கப்பூரில் இருக்கும் தெரிந்தவர் நன்கொடை தரவும் தயார். டிரஸ்ட் பதிவு செய்வதா, கம்பெனி ஆக்குவதா? எங்கள் பெண்பிள்ளைகள் தறியில் உட்காரவே மாட்டேன் என்கிறார்கள். எங்கே தொடங்குவது? (பெயர் வெளியிட வேண்டாம் எனக் கேட்டவர்)

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் தேவையான கணக்கு எல்லாமே இருக்கிறது. அதனால் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு இப்போது வேண்டியது 25 லட்ச மானியம் அல்ல. அறுப்புக் காலத்தில் கோரை வாங்கவும், வியாபாரி பணம் தரும்வரை வீட்டுச் செலவுக்குத் தாக்குப்பிடிக்கவும் சுமார் 2 லட்சம் ரூபாய் நடைமுறை மூலதனம் வேண்டும். அது உங்கள் குழுவின் பெயரிலேயே, சொத்து ஜாமீன் இல்லாமல், 7 சதவீத வட்டியில் கிடைக்கக்கூடிய பணம். அதைத் தடுத்துக்கொண்டிருப்பது பெரும்பாலும் ஓரிரு காரணங்களாக இருக்கும். அவற்றைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் 2 லட்சம் எப்படி வந்தது என்று பாருங்கள். வங்கி மேலாளர் கேட்கப்போவதும் இதைத்தான்.

அறுப்பு முடிந்த கையோடு நான்கு மாதத்துக்குக் கோரை வாங்கி வைக்கிறீர்கள் என்று கொள்வோம். 140 பாய், 4 மாதம், பாய்க்கு 110 ரூபாய்: 61,600. ஒரு மாதத்துக்கு நூலும் சாயமும்: 8,400. கோரையை 110-க்கு வாங்கினால் ஒரு பாயின் பொருட்செலவு 170. நெய்தவருக்குப் பாய் இறங்கிய அன்றே 180 கொடுத்தாக வேண்டும், மிச்சத்தைப் பணம் வந்ததும் பிரித்துக்கொள்ளலாம் என்று வைக்கிறேன். ஆக, முடிந்த ஒவ்வொரு பாயிலும் குழுவின் பணம் 350 ரூபாய் முடங்குகிறது. தறியிலும் மூட்டும் இடத்திலும் அரைமாதப் பாய்கள் கிடக்கும்: 24,500. வியாபாரியிடம் இரண்டு மாதப் பாய்கள் நிலுவை: 98,000. கூட்டினால் 1,92,500.

இந்தக் கணக்கில் பாதிக்கு மேல் வியாபாரியின் நிலுவைதான் என்பதைக் கவனியுங்கள். இரண்டு மாதத்தை ஒரு மாதமாக்க அவரை ஒப்புக்கொள்ள வைத்தால் 49,000 ரூபாய் கடன் குறையும். கையில் கோரை இருப்பு வந்துவிட்டால் அந்தப் பேச்சைத் தொடங்கும் தைரியமும் வரும். இன்று அது இல்லாததற்குக் காரணம் உங்களுக்கே தெரியும்.

கோரையில் மட்டும் பாய்க்கு 40 ரூபாய் மிச்சம். நான்கு மாத இருப்புக்கு 22,400. இரண்டு லட்சத்தையும் ஆண்டு முழுக்க எடுத்து வைத்திருந்தால்கூட 7 சதவீதத்தில் வட்டி 14,000. அப்படியானால் ஒரு அறுப்பு மிச்சமே ஆண்டு வட்டியைக் கட்டிவிடும். கடன் வாங்கலாமா வேண்டாமா என்று குழுவில் தயங்குபவர்களுக்கு இந்த இரண்டு எண்களை மட்டும் காட்டுங்கள்.

ஒரு எச்சரிக்கை. மொத்தமாக வாங்கிய கோரை நனைந்தால் கறுத்துப் பூசணம் பிடிக்கும். அந்தப் புல்லில் வெளிர் சாயம் ஏறாது, நெய்தால் பாயில் வாடை நிற்கும். பச்சையாக இருக்கும்போதே கீறி, அன்றன்றைக்கே வெயிலில் விரித்து, முழுக்கக் காய்ந்த பிறகே கட்டு கட்ட வேண்டும். அரைக்காய்ச்சலில் கட்டினால் கட்டின் நடுவில்தான் முதலில் கெடும். வெளியே பார்த்தால் தெரியாது. தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் மூங்கில் பரண், சுவரில் ஒட்டாமல் அடுக்குவது, நல்ல தார்ப்பாய் இரண்டு, மாதம் ஒருமுறை அடியில் உள்ள கட்டைப் பிரித்துப் பார்ப்பது. இதற்கான செலவை 2 லட்சத்தில் சேர்க்காமல் தனியே எழுதுங்கள். பரணும் தார்ப்பாயும் தளவாடம், வேறு வகைப் பணத்தில் வாங்க வேண்டியவை. இடமே இல்லையென்றால் நான்கு மாத இருப்பு வேண்டாம், இரண்டு மாதத்தோடு நிறுத்துங்கள்.

இனி வங்கி.

மத்திய அரசின் ஊரக வாழ்வாதார இயக்கத்தின் கீழ் வரும் மகளிர் குழுக்களுக்குக் கடன் கொடுப்பது பற்றி ரிசர்வ் வங்கியின் சுற்றறிக்கை தெளிவாக இருக்கிறது. முதல் கடன், குழுவிடம் சேர்ந்துள்ள மொத்த நிதியைப் போல ஆறு மடங்கு, அல்லது 1.5 லட்சம், இவற்றில் எது அதிகமோ அது. உங்கள் சேமிப்பு மட்டும் 14 பேர், 200 ரூபாய், 26 மாதம் என 72,800. ஆறு மடங்கு என்றால் 4,36,800. நீங்கள் கேட்கப்போவது அதில் பாதிகூட இல்லை. 10 லட்சம் வரை குழுக்கடனுக்குச் சொத்து ஜாமீன் கேட்கக்கூடாது, முன்பணம் கட்டச் சொல்லக்கூடாது. 3 லட்சம் வரை வட்டி 7 சதவீதம்.

அப்படியிருக்க ஏன் அனுப்பிவிட்டார்கள்? நீங்கள் தனிநபராகப் போய்த் தொழில்கடன் கேட்டிருக்கலாம், அல்லது குழு தரமதிப்பீடு ஆகாமல் இருக்கலாம். குழுக்கடனுக்கு வங்கி பார்ப்பது ஐந்து பழக்கங்களை: தவறாத கூட்டம், தவறாத சேமிப்பு, உள்கடன் (குழுவின் சேமிப்பிலிருந்து உறுப்பினருக்கே தரும் கடன்) சுழற்சி, கெடு தவறாத வசூல், அன்றன்றைக்கு எழுதிய கணக்குப் புத்தகம். இதில் அதிகம் தவறுவது உள்கடன். சேமித்த பணம் முழுவதையும் வங்கிக் கணக்கிலேயே விட்டுவைப்பது கட்டுப்பாடு என்று குழுக்கள் நினைக்கின்றன. வங்கியின் பார்வையில் அது நேர்மாறு. 72,800 சுழலாமல் கிடந்தால், இந்தப் பெண்களுக்குக் கடன் கொடுத்துத் திருப்பி வசூலிக்கும் பழக்கம் இல்லை என்றே மதிப்பீட்டில் எழுதுவார்கள். வரும் கூட்டத்திலேயே நூல் வாங்க, சாயம் வாங்க என்று ஐந்தாறு பேருக்கு உள்கடன் கொடுங்கள். மாதாமாதம் வசூலித்துப் புத்தகத்தில் ஏற்றுங்கள். மூன்று நான்கு மாதத்தில் புத்தகத்தின் முகமே மாறிவிடும்.

இன்னொரு காரணம் உறுப்பினர்களின் சிபில், அதாவது அவரவர் பழைய கடன்களை எப்படிக் கட்டினார் என்ற பதிவு. குழுவில் இரண்டு பேர் மைக்ரோ ஃபைனான்ஸ் தவணை தவறியிருந்தாலும் மேலாளர் தயங்குவார். ஒவ்வொருவரும் தம் வீட்டில் யார் பெயரில் எந்த நிறுவனத்தில் எவ்வளவு பாக்கி என்று மறைக்காமல் ஒரு தாளில் எழுதிக் குழுத் தலைவியிடம் கொடுங்கள். வீட்டின் மாதவருமானத்தில் பாதிக்குமேல் தவணைக்கே போகக்கூடாது என்று நுண்கடன் நிறுவனங்களுக்கே ரிசர்வ் வங்கி 2022-ல் வரம்பு வைத்தது. ஏற்கெனவே பாதியைத் தொட்டுவிட்ட வீட்டுக்குக் குழுக்கடனில் புதிதாகப் பங்கு வேண்டாம். நெசவுக் கூலி மட்டும் போதும். கேட்க மனத்தாங்கலாகத்தான் இருக்கும். ஆனாலும் ஒருவர் தவணை நின்றால் பதினான்கு பேர் பெயரும் சேர்ந்து கெடும்.

கேட்கும்போது தவணைக்கடன் என்று கேட்காதீர்கள். 'குழு ரொக்கக் கடன் வரம்பு' என்று எழுதிக் கொடுங்கள். உங்கள் தொழிலில் பணம் அறுப்பு மாதத்தில் மொத்தமாகப் போய், பிறகு பாய் பாயாகத் திரும்புகிறது. தவணைக்கடனில் முதல் மாதமே கட்டத் தொடங்க வேண்டும். கோரை பரணில் கிடக்கும்போதே தவணைக்கு ஓடுவீர்கள். ரொக்கக் கடன் வரம்பில் எடுத்த தொகைக்கு, எடுத்த நாட்களுக்கு மட்டும் வட்டி. பாய் விற்ற பணம் உள்ளே போனால் வட்டி குறையும். ஒரே கட்டுப்பாடு, வியாபாரி தரும் பணம் அந்தக் கணக்கு வழியாகவே வர வேண்டும். 90 நாட்களாக வரவே இல்லாத கணக்கு வாராக்கடனாகிவிடும். பாய்ப் பணத்தை வெளியே வாங்கிப் பிரித்துக்கொண்டு கணக்கைக் காயவிடும் குழுக்கள் இப்படித்தான் மாட்டிக்கொள்கின்றன.

கொண்டுபோக வேண்டியவை: கடன் கேட்கும் தீர்மானம், கடைசி ஆறுமாதக் கூட்டப் பதிவு, சேமிப்பு மற்றும் உள்கடன் பேரேடு, மேலே போட்ட கணக்கு ஒரு பக்கத்தில், வியாபாரியின் ரசீதுகள் இருந்தால் அவை. ரசீது இல்லையென்றால் இன்றிலிருந்தே இரட்டைப்படி நோட்டு ஒன்றில் அவர் கையெழுத்து வாங்குங்கள். உங்கள் ஊராட்சி அளவிலான கூட்டமைப்பின் பரிந்துரையோடு, மகளிர் திட்டத்தின் வட்டார அலுவலகம் வழியாக விண்ணப்பம் போனால் வங்கி அதைத் தனிநபர் கோரிக்கையாகத் தள்ள முடியாது. இணையப் பதிவில் குழுவின் பெயரும் கணக்கு எண்ணும் சரியாக ஏறியிருக்கின்றனவா என்பதையும் அங்கேயே பார்த்துவிடுங்கள்.

மறுபடியும் சொத்து ஜாமீன் கேட்டால் சண்டை வேண்டாம். "காரணத்தை எழுதிக் கொடுங்கள், சார்" என்று மட்டும் கேளுங்கள். எழுத்தில் வந்தாலும் வராவிட்டாலும் அடுத்த படி, மாவட்டத்தின் வங்கிகளை ஒருங்கிணைக்கும் மாவட்ட முன்னோடி வங்கி மேலாளர். வட்டார அளவில் வங்கியாளர் கூட்டம் நடக்கும், உங்கள் விண்ணப்பத்தை அங்கே எடுக்கச் சொல்லி மகளிர் திட்ட அலுவலரைக் கேட்கலாம். ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் நேராகப் போவதில் பயன் குறைவு. முதலில் வங்கிக்கே எழுதி 30 நாள் பொறுத்திருக்க வேண்டும். கடன் தரலாமா என்பது வங்கியின் வணிக முடிவு என்று சொல்லி அவர் விலகிக்கொள்ளவும் கூடும்.

தளவாடத்துக்கு, அதாவது பரண், சாயப் பாத்திரம், தறிச் சட்டம், அச்சு போன்றவற்றுக்கு, வேறு வழி இருக்கிறது. தமிழ்நாட்டு அரசின் கலைஞர் கைவினைத் திட்டத்தில் உள்ள 25 தொழில்களில் கூடை முடைதலும் பாய் பின்னுதலும் உண்டு. 3 லட்சம் வரை கடன், அதில் 25 சதவீதம் மானியம், மானியத்தின் உச்சம் 50,000, வட்டியில் 5 சதவீதம் வரை சலுகை. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 2 லட்சத்துக்கே 50,000 வந்துவிடும். 3 லட்சம் வாங்கினாலும் அதே 50,000 தான். மானியத்துக்காகக் கடனை ஏற்றாதீர்கள். 35 வயது நிரம்பி, தொழிலில் ஐந்தாண்டு அனுபவம் இருப்பவருக்கே இது. விண்ணப்பம் மாவட்டத் தொழில் மையத்தில். பட்டுப்பாய் நெய்யும் உங்கள் இருவருக்கும் இது பொருந்தும், ஏனென்றால் அந்த வேலைக்குத் தனி அச்சும் மெல்லிய நூலும் நல்ல வெளிச்சமும் வேண்டும், ஒரு பாய் முடிய வாரக்கணக்கில் ஆகும். பட்டுப்பாயைக் குழு இருப்பில் சேர்க்காதீர்கள். பாதிப் பணம் முன்கூட்டி வாங்கிக்கொண்டு, ஆர்டருக்கு மட்டும் நெய்யுங்கள்.

பி.எம். விஸ்வகர்மா பற்றியும் உங்கள் காதுக்கு வந்திருக்கும். 2023 செப்டம்பரில் தொடங்கிய அந்த மத்தியத் திட்டத்தில் கூடை, பாய், துடைப்பம் செய்பவர்களுக்கு இடம் இருக்கிறது. ஆனால் அதன் அப்போதைய வடிவில் செயல்படுத்துவதில்லை என்று தமிழ்நாட்டு அரசு 2024 நவம்பரில் தெரிவித்தது. அதற்கு மாற்றாக வந்ததே மேலே சொன்ன கைவினைத் திட்டம். பதிவு செய்து தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்க வேண்டாம்.

குழுவில் இஸ்லாமியச் சகோதரிகள் இருந்தால் டாம்கோவின் (தமிழ்நாடு சிறுபான்மையினர் பொருளாதார மேம்பாட்டுக் கழகம்) விராசத் கடனைத் தவறவிடாதீர்கள். சிறுபான்மையினக் கைவினைஞருக்கென்றே உள்ளது. 10 லட்சம் வரை; குடும்ப ஆண்டு வருமானம் 3 லட்சத்துக்குள் இருந்தால் பெண்களுக்கு 4 சதவீத வட்டி. பாய் நெசவு ஊர்களிலேயே இதைக் கேள்விப்படாதவர்கள் ஏராளம் என்பது வருத்தமான விஷயம். ஆதிதிராவிட, பழங்குடிச் சகோதரிகளுக்கு தாட்கோவில் (அவர்களுக்கான அரசு மேம்பாட்டுக் கழகம்) 35 சதவீத மானியத்தோடு தனித் திட்டம் உண்டு. ஆனால் எந்த வீட்டிலும் ஒரே நேரத்தில் இரண்டு தொழில்கடன் வேண்டாம்.

கைவினைஞர் என்ற முறையில் போடும் விண்ணப்பங்களுக்குக் கைகொடுக்கும் ஆதாரம் ஒன்று உண்டு: நீங்கள் பாய் நெய்பவர் என்பதற்கான அரசுச் சான்று. அது மத்திய ஜவுளி அமைச்சகத்தின் கைவினைப் பிரிவு தரும் கைவினைஞர் அடையாள அட்டை. பலரும் தறி என்றதும் கைத்தறித் துறைக்குப் போய்விடுகிறார்கள். அங்கே நூல்துணி நெய்பவருக்கே அட்டை. கோரையும் நாரும் புல்லும் கைவினைக் கணக்கு. தவறான துறையில் கொடுத்த விண்ணப்பம் மாதக்கணக்கில் கிடந்து திரும்பும். 14 பேரும் தனித்தனியே, இளையவர்களும் சேர்த்து, எடுங்கள். ஆதாரில் உள்ள பெயரும் வங்கிப் புத்தகத்தில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கட்டும். தகப்பன் பெயரின் முதலெழுத்து ஒன்றில் முன்னும் மற்றொன்றில் பின்னும் இருந்தாலே மானியம் ஏறாமல் நிற்கும். தனியாகக் கடன் வாங்கப்போகிறவர் சிறுதொழில்களுக்கான உதயம் பதிவும் செய்துகொள்ள வேண்டும். அதற்குக் கட்டணம் கிடையாது. அரசுத் தளம் போலவே தோற்றம் காட்டிப் பணம் வாங்கும் தனியார் தளங்கள் உண்டு, கவனம்.

இப்போது அந்தக் கமிஷன்காரர். அவர் சொல்வது ஸ்ஃபூர்த்தி என்னும் பாரம்பரியத் தொழில் தொகுப்புத் திட்டமாக இருக்கலாம். திட்டம் உண்மையானது. 500 கைவினைஞர் வரை உள்ள தொகுப்புக்கு 2.5 கோடி, அதற்கு மேல் என்றால் 5 கோடி வரை. ஆனால் அது நூற்றுக்கணக்கான நெசவாளர்களைத் திரட்டி, தனி அமைப்பு பதிவு செய்து, நிலமும் பங்குத்தொகையும் கொண்டுவந்து, விரிவான திட்ட அறிக்கை கொடுத்து, படிப்படியாகத் தேறிவரும் வேலை. 14 பேருக்குக் கிடைக்காது. கிடைத்ததாகக் காட்ட வேண்டுமென்றால் நெய்யாதவர்களின் ஆதாரை நெசவாளராகச் சேர்ப்பார்கள், இயந்திர விலையை ஏற்றிக் கொட்டேஷன் வாங்குவார்கள். அந்தத் தாள்களில் கையெழுத்து உங்களுடையது. தணிக்கையில் மாட்டினால் பதில் சொல்ல வேண்டியவரும் நீங்களே. கமிஷன் வாங்கியவர் பெயர் எந்தத் தாளிலும் இருக்காது. அவரிடம் குழுவின் ஆதார் நகல்களை ஏற்கெனவே கொடுத்திருந்தால் எழுதிக் கேட்டுத் திரும்ப வாங்குங்கள்.

மின்சாரத் தறி விஷயத்தில் என் கருத்து உறுதியானது: வேண்டாம். முசிறி, கரூர் பக்கம் விசைத்தறிப் பாய் பெருவாரியாக வருகிறது. கோரையும் அங்கே காவிரிக்கரையில் வயலிலேயே விளைகிறது. அவர்களுக்குப் பக்கத்திலேயே கிடைக்கும் கோரையை நீங்கள் லாரி வாடகை கொடுத்து இறக்கி, அதே பாயை நெய்து, அதே விலைக்கு விற்க வேண்டியிருக்கும். புதுத் தொழிலுக்கான பி.எம்.இ.ஜி.பி. திட்டத்தில் கிராமத்துப் பெண்ணுக்கு 35 சதவீத மானியம் என்பது சரிதான். ஆனால் அந்த மானியம் கையில் வருவதில்லை. உங்கள் பெயரில் மூன்றாண்டு வைப்பில் கிடக்கும், தொழில் ஓடினால்தான் கடனில் கழியும். தறி நின்றால் மானியமும் போய்க் கடன் முழுசாக நிற்கும். அதோடு கைநெசவு என்பதால் உங்கள் பாய்க்குக் கிடைக்கும் மதிப்பையும் நீங்களே விட்டுக்கொடுத்தவர்களாவீர்கள்.

அந்த மதிப்பு, உங்கள் மாவட்டத்துப் பத்தமடைப் பாய்க்கு உள்ள புவிசார் குறியீட்டில் (ஓர் ஊரின் பொருளுக்கே உரிய பெயருக்குச் சட்டம் தரும் பாதுகாப்பு) இருக்கிறது. குறியீடு ஊருக்கு வந்துவிட்டது என்பதால் எல்லோரும் பெயரைப் போட்டுக்கொள்ள முடியாது. ஒவ்வொரு நெசவாளரும் 'அங்கீகரிக்கப்பட்ட பயனாளர்' என்று பதிந்துகொள்ள வேண்டும். பதிவகம் சென்னை கிண்டியில் இருக்கிறது. முன்பு 500 ரூபாயாக இருந்த கட்டணம் 2020-ல் 10 ரூபாயாகக் குறைக்கப்பட்டது. உங்கள் ஊர், பதிவு ஆவணத்தில் காட்டியுள்ள எல்லைக்குள் வருகிறதா, உங்கள் நெசவு முறை அதில் எழுதியுள்ளபடி இருக்கிறதா என்று மட்டும் முதலில் சரிபாருங்கள். எல்லைக்கு வெளியே என்றால் அந்தப் பெயரை ரசீதிலோ சீட்டிலோ போடவே கூடாது.

டிரஸ்ட், கம்பெனி இரண்டும் இப்போது தேவையில்லை. குழுக்கடனுக்கு எந்தப் பதிவும் வேண்டாம். பத்துப் பேர் இருந்தால் உற்பத்தியாளர் கம்பெனி தொடங்கலாம் என்று சொல்பவர்கள், ஆண்டுக்கணக்கைத் தாக்கல் செய்யாவிட்டால் ஒவ்வொரு படிவத்துக்கும் நாளொன்றுக்கு 100 ரூபாய் கூடுதல் கட்டணம் ஏறும் என்பதைச் சொல்வதில்லை. விற்பனை ஒன்றுமில்லாத ஆண்டிலும் தாக்கலும் தணிக்கையும் உண்டு. மாத விற்பனை 63,000 உள்ள குழு அந்தச் சுமையைத் தாங்காது. பக்கத்து ஊர்களில் நெய்பவர்களும் சேர்ந்து நூறு தறி என்று வந்தால் அப்போது பேசலாம்.

சிங்கப்பூர் அன்பர் இந்தியக் குடியுரிமை உள்ளவரா, அந்நாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்டவரா என்று கேளுங்கள். குடியுரிமை மாறியிருந்தால் அவர் தமிழரே ஆனாலும் சட்டப்படி அது வெளிநாட்டு நன்கொடை. அதற்கான பதிவு இல்லாமல் குழுக் கணக்கில் வாங்கினால் குற்றம். அவர் உதவ விரும்பினால் பாய் வாங்கட்டும். விற்ற சரக்குக்கு வந்த விலை நன்கொடை ஆகாது. முன்பணம் அனுப்பி இருபது பட்டுப்பாய் ஆர்டர் கொடுத்தாரென்றால், நன்கொடையைவிட அது உங்கள் இருவரின் தறியை நெடுநாள் ஓட்டும். ரசீது எழுதுங்கள், வங்கி வழியாகவே வாங்குங்கள்.

தனியார் கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதியும் உங்களைப் போன்றவர்களுக்கு உண்டு. பாரம்பரியக் கலைகளும் கைவினையும் கம்பெனிச் சட்டத்தின் ஏழாம் அட்டவணையிலேயே இருக்கின்றன. ஆனால் அதைக் குழு நேராக வாங்க முடியாது. பெரும்பாலும் அதற்கெனப் பதிவு பெற்ற தொண்டு நிறுவனம் வழியாகவே வரும். அப்படி ஒன்று முன்வந்தால் பரணுக்கும் கிட்டங்கிக்கும் கேளுங்கள். கோரை வாங்க அதைக் கேட்க வேண்டாம். ஒருமுறை இலவசமாகக் கோரை வந்தால் அடுத்த அறுப்புக்குக் கையில் பணம் சேர்ந்திருக்காது.

பிள்ளைகள் பற்றி. உதவித்தொகையோடு கைவினைப் பயிற்சிகள் இருக்கின்றன, நீங்களே பயிற்றுநராக ஊதியம் பெறலாம். ஆனால் நாளொன்றுக்கு இவ்வளவு என்று வாங்கிய பெண், பயிற்சி முடிந்த மறுநாள் தறியில் அதைவிடக் குறைவாகச் சம்பாதித்தால் எழுந்து போய்விடுவாள்; அவளைக் குறை சொல்ல நியாயமில்லை. ஒரு பாயில் 240 மிஞ்சுகிறது, கோரையைக் காலத்தில் வாங்கினால் 280 ஆகும், வியாபாரியை விட்டு நேரே விற்றால் இன்னும் கூடும். அந்தக் கூடுதல் கையில் வந்த பிறகு பயிற்சி கேளுங்கள். அதுவரை கணக்கு எழுதும் வேலை, படம் எடுத்து ஆர்டர் பிடிக்கும் வேலை ஆகியவற்றைப் பிள்ளைகளிடம் கொடுத்து, அதற்கும் கூலி கொடுங்கள். மகளிர் திட்டத்தின் கண்காட்சிகளில் ஒரு கடை கேட்டுப் பெற்றால், எந்த நிறமும் எந்த அளவும் என்ன விலைக்குப் போகிறது என்பதை அவர்களே நேரில் பார்ப்பார்கள். தமிழ்நாட்டு அரசின் கைவினைப் பொருள் விற்பனை நிலையமான பூம்புகாருக்கும் மாதிரிப் பாய்களோடு ஒருமுறை போய்வாருங்கள்.

வரிசையாகச் சொன்னால், இந்த மாதக் கூட்டத்தில் உள்கடன் தீர்மானமும் பாக்கிப் பட்டியலும். அதே வாரத்தில் அடையாள அட்டை விண்ணப்பங்கள். புத்தகம் மூன்று மாதம் ஒழுங்காக ஓடியதும் ரொக்கக் கடன் வரம்புக்கு மனு. அனுமதி வர ஒன்றிரண்டு மாதம் பிடிக்கலாம். ஆகவே அறுப்புக்குக் குறைந்தது இரண்டு மாதம் முன்னதாக மனு வங்கியில் இருக்க வேண்டும். மனுவின் நகலில் தேதியோடு வங்கி முத்திரை வாங்கி, குழுவின் கூட்டப் புத்தகத்திலேயே ஒட்டி வையுங்கள்.